இரும்பு இல்லாத பாஸ்தா

– பிரிச்ச பாக்கெட்ட மாத்தித் தரமாட்டேன் சிவனாண்டி. வண்டு கிண்டு இருந்தாச் சொல்லு, கம்பெனிக்காரன் வரும்போது ஒரு பிடி பிடிப்போம்.

– மாத்த வரல பாபுண்ணே. பின்பக்கம் பொடி எழுத்துல இங்கிலீசுல என்னமோ போட்டிருக்கான்ல, அத வாசிச்சுச் சொல்லுங்க.

– அதுக்கா பரவையிலருந்து கோச்சடைக்கு இம்புட்டுத் தூரம் வந்த? போன்ல கேட்டிருந்தா சொல்லிட்டுப் போறேன்.

– போன்ல கேக்குற சமாச்சாரம் இல்லண்ணே.

– சரி, அந்த அரிசி மூடை மேல உக்காரு. கண்ணாடிய எங்க வச்சேன்... தேடுறேன் பாரு, தலையில மாட்டிக்கிட்டே. ம், சொல்றேன் கேளு. ‘காய்கறி பாஸ்தா. சத்து சேர்த்தது.’

– சத்துன்னா என்ன சத்துண்ணே?

– சொல்றேன் கேளுங்குறேன்ல. கோதுமை ரவை. பசலைக்கீரைப் பொடி, அதான் பச்சை. கேரட் பொடி, அதான் ஆரஞ்சு. தக்காளிப் பொடி, செவப்பு.

– கீரையா? கீரையாண்ணே போட்டிருக்கான்?

– கீரைன்னா கட்டுக்கட்டாவா போடுவான்? கலருக்கு ஒரு சிட்டிகை. அப்புறம் நூறு கிராமுக்கு மாவுச்சத்து எழுபத்திரெண்டு, புரதம் பன்னெண்டு, நார்ச்சத்து மூணு. கோதுமைய அரைக்கும்போது போன வைட்டமினயெல்லாம் திரும்ப உள்ள போட்டிருக்கான். சும்மாவா வெல கூட?

– இரும்பு இருக்காண்ணே?

– பொறு, அந்த வரிக்கு இன்னும் வரல. இருந்தா நல்லதுதானய்யா. உன் பிள்ளைக்கு ரத்தம் பத்தலன்னுதான மாசாமாசம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு அலையுறீங்க?

– பவதாரிணிக்கு இரும்பு ஆகாதுண்ணே.

– ரத்தம் இல்லாத பிள்ளைக்கு இரும்பு ஆகாதா? எந்தக் கிறுக்கன் சொன்னது?

– டாக்டருதான். அவளுக்கு வந்தது வேற நோவுண்ணே. தலசீமியான்னு பேரு, பிறவியிலயே வர்றது. ஒடம்புல நல்ல ரத்தம் ஊறாது, அடுத்தவங்க ரத்தத்த ஏத்தி ஏத்தித்தான் ஓட்டணும். ஏத்துற ரத்தத்துல இருக்குற இரும்பு வெளிய போக வழி இல்லாம உள்ளயே தங்கிரும். ஈரல்ல தங்கும், நெஞ்சுல தங்கும். அத எடுக்குறதுக்குத் தனியா மாத்திரை. இதுல சாப்பாட்டுலயும் இரும்பச் சேத்துறாதீகன்னு சொல்லிவிட்டாரு.

– இத்தன வருசமா கடைக்கு வர்ற, ஒரு வார்த்த சொன்னியா?

– பொம்பளப் பிள்ளைண்ணே. நாளைக்கு ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்கணும். ரத்தத்துலயே நோவுன்னு ஊரு பேசிறக் கூடாதேன்னு, ‘ரத்தம் கம்மி’ன்னு மட்டும் எல்லார்ட்டயும் சொல்லி வச்சோம்.

– அட, கெடுத்தீங்களே.

– வீட்டு வாசல்ல நின்ன முருங்கைய நானே வெட்டிச் சாச்சேன். பேரீச்சம்பழம் கிடையாது, எள்ளுருண்டை கிடையாது. ஆட்டு ஈரல், சுவரொட்டியக் கண்ணுலயே காட்டல. வீட்டுக்காரி முனீஸ்வரி இரும்புச் சட்டிய எல்லாம் தூக்கிப் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டா. பவதாரிணி சிரிப்பா: ‘செவத்துல ஆணி எத்தனன்னு எண்ணி வச்சுக்கங்க, நான் பிடுங்கித் தின்னுறப் போறேன்’னு.

– வாயாடி. இங்க வந்தாலும் அதே வாய்தான். ‘கடைக்காரரே, ஒரு பாக்கெட் திருகாணி குடுங்க’ன்னு அதிகாரம் பண்ணுவா. எங்க வீட்டுக்காரி கனகலட்சுமி நாங்க வீட்டுல பேசுற பாஷையில கொஞ்சுனா, அதையே ராகம் போட்டுத் திருப்பிச் சொல்லுவா. அவ கூட நேத்து கேட்டா, அந்தப் பிள்ளையக் காணோமேன்னு.

– ரத்தம் ஏத்திட்டு வர்ற அன்னைக்கு அவளுக்கு வேற எதுவும் எறங்காதுண்ணே. இது மட்டும் ஒரு தட்டு காலியாகும். மைதா மாதிரி வெறும் சக்கைதான, இதுல என்ன இருந்துறப் போகுதுன்னு குடுத்தது.

– நானும்தானய்யா சொன்னேன். ‘சத்து சேர்த்தது, ரத்தம் ஊறும், பயப்படாமக் குடுங்க’ன்னு வாய் கிழியச் சொன்னேனே. நீங்க தலைய ஆட்டுனீங்க.

– யாவாரத்துக்குச் சொல்றீகன்னு நெனச்சோம்.

– சரி, போனது போகட்டும். இனிமே குடுக்காத. நான் வேற நல்லதா ஒண்ணு பாத்து எடுத்து வைக்கிறேன். பாப்பா எங்க, வெளிய வண்டியில இருக்காளா? கூப்பிடு.

– பாப்பா இல்லண்ணே.

– வீட்டுல விட்டுட்டா வந்த?

– போன மாசம் போயிருச்சுண்ணே. பள்ளிக்கூடத்துக்குச் சடை போட்டுக்கிட்டு நின்னவ, மூச்சு வாங்குதுன்னு உக்காந்தா. நெஞ்சுல இரும்பு படிஞ்சு போச்சுன்னாங்க.

– அய்யய்யோ. பதினோரு வயசுப் பிள்ளையாச்சே. ஏய்யா, எனக்கு ஒரு வார்த்த சொல்லிவிடலியே.

– சொல்ற நெலமையிலயாண்ணே இருந்தோம்.

– இந்தா, ஒரு வாய் தண்ணி குடி.

– வேணாண்ணே. வாசிங்க.

– இனிமே எதுக்குய்யா?

– இரும்பு இருக்கா, இல்லையா? அத மட்டும் வாசிங்க.

– டாக்டரு என்ன சொன்னாரு?

– ஏத்துன ரத்தத்துல வந்ததுதான், சோத்துல வர்றது அதுக்கு முன்னால தூசின்னாரு. யாரு மேலயும் தப்பில்லன்னாரு.

– அப்புறம் என்ன? அவரே சொல்லிட்டாரு.

– தூசின்னாருண்ணே. இல்லவே இல்லன்னு சொல்லலையே.

– நீ இதத் தூக்கிக்கிட்டு அலையிறது முனீஸ்வரிக்குத் தெரியுமா?

– தெரியக் கூடாதுண்ணே. இதுல இரும்பு இருக்குன்னு தெரிஞ்சா அவ உசுரோட இருக்க மாட்டா. இப்பவே சோறு இறங்குறதில்ல.

– இரு. வெளிச்சத்துக்குத் திருப்புறேன். வைட்டமின் பி ஒண்ணு... பி ரெண்டு... ஃபோலிக் ஆசிட்டு... உப்பு... இல்ல சிவனாண்டி.

– என்ன இல்ல?

– இரும்பு இல்ல. மத்ததெல்லாம் போட்டிருக்கான், இரும்பு மட்டும் போடல. நம்ம மீனாட்சி மேல சத்தியமா இல்ல.

– கட்டைவிரல எடுங்கண்ணே.

– என்னது?

– கடைசி வரி மேல அமுக்கி வச்சிருக்கீகளே, அந்த விரல.

– ஏய்யா, நான்தான் இல்லங்குறேன்ல! நீயா எதுக்குய்யா நெருப்ப அள்ளி மடியில கட்டிக்கிற? பெத்த அப்பன் ஆசையா வாங்கிக் குடுத்த, பிள்ளை சந்தோசமாத் தின்னுச்சு. அம்புட்டுத்தான். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல, போ.

– பரவையில மருந்துக்கடைத் தம்பி காலையிலயே வாசிச்சுச் சொல்லிட்டான்ணே. இருக்கு.

– தெரிஞ்சுக்கிட்டேவா வந்து உக்காந்திருக்க? இந்த வயசுல என்னையப் பொய்ச் சத்தியம் பண்ண வச்சு வேடிக்க பாக்கவா?

– நீங்க பொய் சொல்லுவீகளான்னு பாக்கத்தாண்ணே வந்தேன். நான் வாங்கிட்டுப் போனதோட சரி, மடியில போட்டு ஒவ்வொரு வாயா ஊட்டுனது முனீஸ்வரி. அவளுக்கும் இதே சந்தேகந்தான்; நாளைக்கு அவ இதே பாக்கெட்டத் தூக்கிக்கிட்டு உங்ககிட்ட வாரா, இப்பச் சொன்ன மாதிரியே சொல்லுங்க, விரல மட்டும் அந்த வரி மேல வைக்காமப் பாத்துக்கங்க.