அவசரத்துக்குன்னு எடுத்துவெச்ச எண்ணெய்

...அதையேதான் நானும் கேக்கறேன். கவர்மென்ட்டுல மலையைக் குடைஞ்சு, உள்ள குளம் குளமா கச்சா எண்ணெயை ரொப்பி வெச்சிருக்காங்களே, எதுக்கு? அழகு பாக்கவா? உள்ள வாம்மா, வாசல்லயே நின்னா எப்படி. கீழ்வீட்டுக்குக் குடிவந்ததுலேர்ந்து இன்னிக்குத்தான் மாடி ஏறியிருக்கே. தெரியும், தெரியும், எதுக்கு வந்தேன்னு முகத்துலயே எழுதியிருக்கு. நான் கடன் வாங்கின உன் கேஸ் சிலிண்டரைக் கேக்க வந்திருக்கே. அதுக்குத்தான் வர்றேன், உக்காரு. அங்க இல்லை, அந்த உறை போட்ட ஸ்டூல் வேண்டாம், இந்த நாற்காலியில... சரி, உக்காந்துட்டே. பரவாயில்லை. கொஞ்சம் உயரம். காலை ஆட்டாம உக்காரு.

எங்க வீட்டுக்காரர் அந்த ஆபீஸ்லதான் இருக்கார், தெரியுமோ இல்லையோ. நாட்டோட அவசரக் கையிருப்பு எவ்வளவுன்னு பாத்துச் சொல்ற பிரிவு. பெரிய உத்தியோகம். கப்பல் வரலை, பெட்ரோல் பங்க்ல கயிறு கட்டிட்டான், கேஸ் வண்டி இந்தத் தெருவையே மறந்துடுச்சு. அந்த எண்ணெயைத் திறந்துதான் விடுங்களேன்னு கேட்டா, கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே, "இது தட்டுப்பாடு, அவசரம் இல்லை"ங்கறார். ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்னேன். "அதை முடிவு பண்ணத்தான் குழு போட்டிருக்கு"ங்கறார்.

குழுவும் கூடிச்சும்மா. பேசிப் பேசி, ஒரு மாசம் தொடர்ந்து கப்பலே வரலைன்னா அதுக்குப் பேர் அவசரம்னு எழுதினாங்க. அந்த மாசம் முடியப்போற சமயத்துல, எங்கேயோ போகவேண்டிய கப்பல் ஒண்ணு, அதுவும் பாதி காலியா, வழிதப்பின மாடு மாதிரி துறைமுகத்துல வந்து நின்னுச்சு. அவ்வளவுதான். கப்பல்தான் வந்துடுச்சேன்னு மறுபடியும் முதல்லேர்ந்து எண்ண ஆரம்பிச்சிட்டாங்க. பொய்யில்லை, எங்க வீட்டுக்காரரே பெருமையா வந்து சொன்னார்.

ஆனா போன எலக்‌ஷனுக்கு மட்டும் திறந்தாங்களே. அப்போ யாருக்கு ஆபத்து? மந்திரிக்குத்தான். பெட்ரோல் விலை நாலு காசு இறங்கிச்சு, எல்லாரும் குளிர்ந்துபோய் ஓட்டுப் போட்டோம். நானும்தான், எனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு. சரி, எடுத்த எண்ணெயைத் திரும்ப ரொப்பணுமில்லை? உலகத்துல விலை தரையில கிடந்தப்போ வாங்கியிருக்கலாம். இன்னும் இறங்கும், இன்னும் இறங்கும்னு காத்துக்கிட்டிருந்தாங்களாம். எங்க நாத்தனார் இப்படித்தான், தள்ளுபடி போடட்டும்னு காத்திருந்து காத்திருந்து, கடையையே எடுத்தப்புறம் பையைத் தூக்கிக்கிட்டுப் போய் நிப்பா.

என்ன, நேரமாச்சா? இரு, வர்றேன். அவர் ஆபீஸை நீ பாக்கணும். ஏசி அப்படியே பிணவறை மாதிரி. மனுஷன் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்து, மின்சாரத்தைச் சிக்கனம் பண்ணுங்கன்னு ஜனங்களுக்கு அறிக்கை எழுதறார். அந்த ஸ்வெட்டரைத் துவைக்கறது யாரு? நான்.

நான் படிச்ச கான்வென்ட்லயும் இதே கூத்துதான். சுவத்துல முதலுதவிப் பெட்டி, பளபளன்னு, சிவப்புச் சிலுவை போட்டு. அதுக்கு ஒரு பூட்டு. சாவி மதர் இடுப்புல. மதர் ஊர்ல இல்லாத அன்னிக்குத்தான் நான் மாடிப்படியில உருண்டு முட்டியைப் பேத்துக்கிட்டேன். ரத்தம் சொட்டச் சொட்ட நான் அழறேன், சிஸ்டர் அந்தப் பெட்டியைக் காட்டி, "அழாதே, மருந்தெல்லாம் பத்திரமா இருக்கு"ன்னாங்க. பத்திரமா இருக்காம். என் முட்டியைப் பாரு, இப்பவும் தழும்பு...

என்ன சத்தம்? உன் குதிகால் பட்டிருக்கும். அது... உள்ள பழைய பாத்திரம் போட்டு வெச்சிருக்கேன். ஆட்டாதேன்னு அப்பவே சொன்னேன்ல.

கீழே அழறது உன் குழந்தையா? காலையிலேர்ந்து பால் காய்ச்சலையா? அடப்பாவமே. பவுடர் கரைக்கவும் வெந்நீர் வேணும், புட்டி கொதிக்க வைக்கவும் அடுப்பு வேணும். புரியுது. ஆனா உன் சிலிண்டர் நேத்தே தீர்ந்துபோச்சும்மா. அடுப்படியில நிக்குது, வேணும்னா தூக்கிப் பாரு, பஞ்சு மாதிரி இருக்கும். எங்க வீட்டுலயும் அடுப்பு எரியலை. அவர் பச்சைத்தண்ணியில குளிச்சுட்டு, தும்மிக்கிட்டேதான் ஆபீஸ் போனார். பால்குடிக் குழந்தை பசியில கத்தறது, மலைக்குள்ள அவ்வளவு எண்ணெய் தூங்குது. மனசாட்சி வேண்டாமா இவங்களுக்கு? இருக்கறதை எடுத்துக் குடுக்க என்ன வலிக்குது? அதுக்குப் பேர்தான்...

எழுந்துட்டியா? உறையை ஏன் தூக்கறே? அந்த மெத்தையை எடுக்காதே, ஏய்...

சரி. சிலிண்டர்தான். ரொம்பினதுதான். சீல்கூட உடைக்கலை. ஒரு உறை தைச்சு மேல மெத்தை போட்டேன், ஸ்டூலாவும் ஆச்சு. அப்படிப் பாக்காதேம்மா. உங்கிட்ட வாங்கும்போது என்கிட்ட காலிதான் இருக்குன்னு நான் சொன்னது... அது அடுப்புல மாட்டியிருந்ததைச் சொன்னேன். இது வேற. இது அவசரத்துக்குன்னு எடுத்துவெச்சது.

குழந்தை பசி அவசரம்தான், யாரு இல்லைங்கறா. ஆனா நாளைக்கே கேஸ் வண்டி வந்துடுச்சுன்னு வெச்சுக்கோ, அவசரப்பட்டு உடைச்சிட்டோமேன்னு ஆயிடும். எதுக்கும் ஒரு வரைமுறை வேணும்ல. இன்னும் ரெண்டு நாள் பாத்துட்டு, உக்காந்து பேசி ஒரு முடிவு... ஏன் சிரிக்கறே? நான் என்ன எங்க வீட்டுக்காரர் மாதிரியா பேச... சரி, சிரி.

தூக்காதே, இடுப்புப் பிடிச்சுக்கும். சாய்ச்சு உருட்டு. டைல்ஸ் கீறப்போகுது, பாத்து. படியில நானும் ஒரு பக்கம் பிடிக்கறேன். முதல்ல பாலை வை, அப்புறம் என்னைத் திட்டிக்கலாம். அந்த உறையை மட்டும் இங்கயே போட்டுட்டுப் போ, உள்ள உன் காலி சிலிண்டரை வெச்சுக்கறேன்.

ஏன்னா... ஸ்டூல் அங்க இல்லைன்னா அவர் கேப்பார். நாட்டுக் கையிருப்பை எல்லாம் சொட்டு விடாம எண்ணிச் சொல்ற மனுஷன், தினமும் காலையில இதுமேல உக்காந்துதான் ஷூ மாட்டறார், இன்னிக்குத் தும்மிக்கிட்டே.