வளைவில் நீண்ட கை

கணவர்: பெருமக்களே! கண் உள்ளோர் வந்து பாருங்கள்! காது உள்ளோர் வந்து கேளுங்கள்! பட்டப்பகலில், மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, ஓர் அநீதி அரங்கேறப் போகிறது. அதற்கு நீங்கள் ஒவ்வொருவரும் சாட்சி! உழைத்தது ஒரு கால். மாலையோ வேறொரு கழுத்துக்கு! இதைக் கேட்பார்...

மனைவி: ஐயோ, மெதுவா! மேடைக்குப் பின்னால உக்காந்திருக்கோம். நடுவுல ஒரு துணிதான் தொங்குது.

கணவர்: ஒத்திகை பாக்குறேன்.

மனைவி: பந்தய மேடைக்கு எதுக்கு ஒத்திகை? பேர் கூப்பிடுவாங்க. போகணும், குனியணும், பதக்கத்தை வாங்கணும், வாயைத் திறக்காம இறங்கணும். அவ்வளவுதான்.

கணவர்: மேடை ஏறி வாயைத் திறக்காம இறங்குறதா? மீனைப் பிடிச்சு கரையில நீந்துன்னு சொல்ற.

மனைவி: ஒரு நாள் நீந்துங்க. காலை ஆட்டாதீங்க, ஐஸ் பை சரியுது பாருங்க.

கணவர்: அம்மா... ஆ... பிடிச்சு இழுக்குதே...

மனைவி: ஏங்க.

கணவர்: என்ன?

மனைவி: ஐஸ் வெச்சிருக்கறது இடது கால்ல. நீங்க வலதைப் பிடிச்சுட்டு முனகுறீங்க.

கணவர்: வலி... இடம் மாறும்.

மனைவி: ஓ.

கணவர்: பேச்சை மாத்தாத. அந்த மூணாவது இடம் என்னுது இல்ல.

மனைவி: ஷ்ஷ்!

கணவர்: நீ தண்ணி ஊத்திட்டு நின்ன மேசை வரைக்கும் ஓட்டினது நான். அதுக்கப்புறம் கல்குவாரி மேட்டுல ஏறினது யாரு?

மனைவி: சைக்கிள்.

கணவர்: சைக்கிள் மேல யாரு?

மனைவி: இது என்ன கோர்ட்டா? நீங்க கால் பிடிச்சுக்கிச்சுன்னு சொல்லி, மேசைக்குப் பின்னால புதர்ல போய்ச் சுருண்டுக்கிட்டீங்க. வண்டியைக் கடைசிக்கோடு வரைக்கும் தள்ளிட்டுப் போய்ச் சேக்கலாம்னுதான் நான் எடுத்தேன்.

கணவர்: தள்றதுக்கு எதுக்கு என் சட்டை, என் ஹெல்மெட், என் கறுப்புக் கண்ணாடி?

மனைவி: வெயிலா இருந்துச்சு.

கணவர்: முகத்துல துணி?

மனைவி: குவாரித் தூசி. எல்லாரும்தான் கட்டியிருந்தாங்க.

கணவர்: அப்புறம் ஏன் ஏறி உக்காந்த?

மனைவி: தள்ளினா மெதுவாப் போச்சு.

கணவர்: அவ்வளவு பேரை ஏன் முந்தின?

மனைவி: வழியில நின்னாங்க.

கணவர்: நின்னாங்களா! வாயைப் பிளந்துட்டு மிதிச்சாங்க! காலித் தண்ணி கேனோட கேனா நான் வேன்ல உருண்டு வந்தேனே, டிரைவர் சொல்றாரு, "யாரோ ஒரு ஆளு மேட்டுல பறக்குறான் சார்"னு. எனக்கு நெஞ்சு இவ்வளவு பெருசாயிடுச்சு. எழுந்து "அது என் வீட்டுக்காரி"ன்னு கத்தலாம்னா, தலைக்கு மேல கேன்.

மனைவி: நல்லவேளை. வேனுக்குப் பின்னால சட்டையை மாத்திக்கிட்டதையும் யாரும் பாக்கலை.

கணவர்: என்ன நல்லவேளை? மூணு வருஷமா விண்ணப்பம் குடுக்கற. பெண்களுக்கும் ஒரு பந்தயம் வைங்கன்னு. என்ன பதில் வருது? "பெண்களைத் தண்ணீர் மேசைக்கு அன்புடன் வரவேற்கிறோம்." அன்பாம்! மிதிக்கத் தெரிஞ்ச காலை மேசைக்குப் பின்னால நிக்க வெக்கறதுக்குப் பேரு அன்பா?

மனைவி: கத்தாதீங்க. எனக்கும் கோபம் இருக்கு. ஆனா இன்னைக்குச் சொன்னா என்ன ஆகும், யோசிச்சீங்களா? "பாத்தீங்களா, பொம்பளைங்களை விட்டா ஏமாத்துவாங்க"ன்னு கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போடுவாங்க. உங்களையும் சங்கத்தை விட்டுத் தூக்குவாங்க. ஞாயித்துக்கிழமை சைக்கிள் இல்லாம வீட்ல இருந்தா, உங்க பேச்சை யாரு கேக்கறது? நான்தான்.

கணவர்: அவ்வளவு கொடுமையாவா இருக்கும்?

மனைவி: போன மழைக்கு ரெண்டு ஞாயிறு வீட்ல இருந்தீங்க. இட்ட பொட்டுல இருந்து துவைக்கற சோப்பு வரைக்கும் எல்லாத்துக்கும் ஒரு கண்டன உரை. யாரோ வராங்க, படுங்க! காலைத் தூக்கி நாற்காலி மேல... அந்தக் கால் இல்ல!

செயலாளர்: பிரிண்டிங் பிரஸ்காரரே! இங்கயா ஒளிஞ்சிருக்கீங்க? வாழ்த்துகள், வாழ்த்துகள்! சங்கச் செயலாளர்னு ஒரு ஆள் வெளியில கையில பட்டியலோட நிக்கறானேன்னு ஒரு எட்டு வந்து முகம் காட்டக் கூடாதா? வணக்கம் டீச்சர்.

மனைவி: வணக்கம். அவருக்குக் கால் முடியலை. அதான்.

செயலாளர்: முடியாமத்தான் இருக்கும். அந்தக் குவாரி மேட்டுல ஏறினீங்களே... அடடா! சங்கத்துல பேச்சே அதான். ஆம்பளைன்னா அப்படி ஏறணும்!

மனைவி: க்கும்.

செயலாளர்: என்ன டீச்சர், தொண்டையா?

மனைவி: தூசி.

செயலாளர்: மேசைகிட்ட ஏது தூசி? சரி, இதைக் கேளுங்க. பொம்பளைங்களுக்கும் வழி விடுங்கன்னு வருஷா வருஷம் எழுதறீங்க. அந்த மேட்டைப் பாத்தீங்கல்ல? பாதியிலயே மூச்சு நின்னுடும்.

மனைவி: பாதியில ஒண்ணும் ஆகலை. மேல, அந்தக் கம்பம் பக்கம்தான் லேசா...

கணவர்: நான் சொன்னேன்! நான்தான் அவகிட்ட சொன்னேன்! கம்பம் பக்கம் எனக்கு லேசா!

செயலாளர்: அப்படியா? கம்பம் பக்கம் எந்த கியர்ல போனீங்க?

கணவர்: அது... இருக்கறதுலயே நல்ல கியர்ல.

செயலாளர்: நல்ல கியர். குறிச்சுக்கறேன். இன்னொண்ணு பிரஸ்காரரே, எனக்கு ஒரு விஷயம்தான் புரியலை.

கணவர்: கேளுங்க.

செயலாளர்: ஒவ்வொரு வளைவுலயும் கை நீட்டினீங்களே, எதுக்கு?

கணவர்: கையா?

செயலாளர்: வலது பக்கம் திரும்பினா வலது கை. இடது பக்கம் திரும்பினா இடது கை. கடைசி வளைவுல கொடி பிடிச்சு நின்னவன் நான். நாலு பேரு கூட்டமா வராங்க, கண்ணு மண்ணு தெரியாத வேகம். ஒருத்தர் மட்டும் நிதானமா தலையைத் திருப்பி, பின்னால பாத்து, கையை அழகா நீட்டி, அப்புறம் திரும்பறாரு. இத்தனை பந்தயம் நடத்தியிருக்கேன், இப்படி ஒரு கூத்தைப் பாத்ததில்ல.

கணவர்: சாலை விதி, ஐயா! குடிமகன் என்பவன் சட்டத்தை...

செயலாளர்: போன வாரம் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனது எந்தக் குடிமகன்? நான் பின்னால கார்ல வந்தேன்.

கணவர்: மனுஷன் திருந்தக் கூடாதா?

செயலாளர்: தாராளமாத் திருந்தலாம். டீச்சர், எனக்குக் கார் ஓட்டக் கத்துக் குடுத்தது யாரு?

மனைவி: ...நான்தான்.

செயலாளர்: கை காட்டாம திரும்பினா என்ன பண்ணுவீங்க?

மனைவி: முட்டியில ஸ்கேலால ஒண்ணு. லேசாத்தான்.

செயலாளர்: லேசாவா! இன்னைக்கும் குளிக்கும்போது சோப்பு எடுக்கத் திரும்பினாக்கூட என் கை தானா நீளுது. என் சம்சாரம் டாக்டர்கிட்ட போலாமான்னு கேக்கறா. அந்த வளைவுல கை நீண்டுச்சு பாருங்க... என் முட்டி விண்ணுன்னு வலிச்சுது டீச்சர்.

கணவர்: அம்மா... ஆ... என் காலு...

செயலாளர்: ஐஸ் கீழ விழுந்துடுச்சு பிரஸ்காரரே.

மனைவி: தெரிஞ்சுக்கிட்டேவா "ஆம்பளைன்னா அப்படி ஏறணும்"னு சொன்னீங்க?

செயலாளர்: வாயைத் திறக்கறீங்களான்னு பாத்தேன். மூணு வருஷமா உங்க விண்ணப்பத்தைக் கூட்டத்துல வெக்கறேன். "அந்த மேட்டை ஏறின பொம்பளை ஒருத்தியைக் காட்டு, அப்புறம் பேசலாம்"னு சொல்றாங்க. காட்ட எனக்கு ஆள் இல்ல. இப்ப இருக்கு. ஆனா காட்டறது நானில்ல, நீங்கதான். மறைச்சா பதக்கம் வீட்டுக்கு வரும். சொன்னா ரெண்டு பேரையும் பந்தயத்துல இருந்து நீக்கணும், அதுல நான் தயவு பாக்க முடியாது.

மனைவி: நீக்கினா... பதக்கம் யாருக்கு?

செயலாளர்: நாலாவதா வந்தவருக்கு. வெளியில பெஞ்சில தனியா உக்காந்து செயினைத் துடைச்சுட்டு இருக்காரு, நம்ம பேக்கரிக்காரரு.

மனைவி: பேக்கரிக்காரரா? நீலத் துணி கட்டியிருந்தவரு?

செயலாளர்: அவரேதான். உங்களுக்கு அரைச் சக்கரம் முன்னால, பக்கத்துலயேதான் வந்தாரு. நீங்க கை காட்டினதும் ஒதுங்கி வழி விட்டாரு. ஏன் விட்டீங்கன்னு கேட்டேன். "தெரியலை, கையைப் பாத்தா கால் தானா நிக்குது"ன்னு தலையைச் சொறியறாரு.

மனைவி: ஐயோ.

கணவர்: என்னம்மா?

மனைவி: போன வருஷம் என்கிட்ட கார் ஓட்டக் கத்துக்கிட்டவரு. "கை காட்டினா வழி விடணும், அதுல போட்டி கிடையாது"ன்னு அவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக் குடுத்ததே நான்தான். என் பாடத்தை அவரு மதிச்சாரு. நான் அதுல புகுந்து அவரு இடத்தைப் பிடிச்சுட்டேன்.

கணவர்: உன் மேல தப்பில்ல. உனக்குன்னு ஒரு கோடு போட்டிருந்தா நீ எதுக்கு அவரு பாதையில வரப்போற?

மனைவி: அது சரி. ஆனா கோடு வேணும்னு கேக்கற வாய், அடுத்தவன் பதக்கத்தைக் கடிச்சுட்டுக் கேக்க முடியுமா?

செயலாளர்: மேடையில கூப்பிட நேரமாச்சு. நான் மைக்குக்குப் போறேன். மூணாவது இடம்னு சொல்லிட்டு நிறுத்துவேன். பேரைச் சொல்ல மாட்டேன். யாரு ஏறி வராங்களோ, வாங்க.

கணவர்: போயிட்டாரு... நான் ஏறறேன். பேச்சு தயாரா இருக்கு. "பெருமக்களே, கண் உள்ளோர் வந்து..."

மனைவி: நீங்க இல்ல. நான்.

கணவர்: நீயா? கூட்டத்துல பேசினதே இல்லையே.

மனைவி: தினமும் கார்ல பயந்து நடுங்கறவங்ககிட்ட பேசறேன். இது என்ன? அந்தக் கர்ச்சீப்பைக் குடுங்க. முகமெல்லாம் தூசி.

கணவர்: வேண்டாம். துடைக்காத. தூசியோடவே போ.

செயலாளர்: அமைதி, அமைதி! அடுத்து... மூன்றாவது இடம்!

மனைவி: ஏங்க, நீங்க எங்க ஓடறீங்க? ரெண்டு ரெண்டு படியாத் தாவறீங்க! கால்?

கணவர்: எந்தக் கால்?

மனைவி: அதானே. மைக்கை என்கிட்ட குடுங்க... குடுங்கன்னா! அனைவருக்கும் வணக்கம். மூன்றாவது இடம் பேக்கரிக்காரருக்கு உரியது. அவரை முதலில் மேடைக்கு அழையுங்கள். தண்ணீர் மேசைக்கு அப்பால் என் கணவரின் சட்டைக்குள் இருந்தவள் நான். சிரிக்காதீர்கள், இன்னும் இருக்கிறது. இன்று இங்கே மூன்று பொய்கள் நடந்தன. தனக்கு எதுவும் தெரியாதது போலச் செயலாளர் கொடியோடு நின்றார், அவருக்குத் தெரியும். என் கணவர் கால் வலி என்று புதரில் படுத்தார்; எந்தக் காலில் என்று அவருக்கே தெரியாது. வலியே இல்லை, எனக்கு வழி விடத்தான் படுத்தார் என்பது எனக்கு அங்கேயே தெரியும். தெரிந்தும் நான் கேட்கவில்லை. ஏனென்றால் மூன்றாவது பொய் என்னுடையது. நான் தண்ணீர் ஊற்ற வரவில்லை. அந்த மேசைக்குக் கீழே, துணிக்குப் பின்னால், என் பந்தயக் காலணி இருந்தது. சென்ற ஆண்டும் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டும் இருந்தது. ஒவ்வொரு முறையும் மண் படாமல் வீடு திரும்பியது. இந்த முறை மண் பட்டிருக்கிறது, பாருங்கள்! எங்களை நீக்குங்கள், அது நியாயம். ஆனால் அடுத்த ஆண்டு அந்த மேசைக்குப் பின்னால் எந்தப் பெண்ணும் நிற்க மாட்டாள். புறப்படும் கோட்டில்தான் நிற்பாள். தாகம் எடுப்பவர்கள் தண்ணீருக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள்! உங்களில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். நான் சொன்னது நினைவிருக்கிறதா? திரும்புவதற்கு முன் கை காட்ட வேண்டும். இதோ, இந்தச் சங்கம் திரும்ப வேண்டிய வளைவு வந்துவிட்டது. பேக்கரிக்காரரே, செயினைக் கீழே வையுங்கள். கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பவரே, உங்களுக்கும்தான் சொல்கிறேன். எங்கே, ஒவ்வொருவரும்... கையைக் காட்டுங்கள்!