இரண்டாம் பரிசு

கதிரவன்: ...விளம்பர ஆபீசர் நீங்கதான மேடம்? அந்த பேனர்லேந்து என் மூஞ்சிய மட்டும் எடுத்துடுங்க.

சத்யப்பிரியா: ஏன் சார், நல்லாதான இருக்கு? ‘புகை கக்கும் காரைப் படமெடுத்து அனுப்பிய பொறுப்புள்ள குடிமகன்.’ சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு எதிர்ல வைக்கப் போறோம்.

கதிரவன்: அதுல ‘குடிமகன்’ மட்டும் எவ்ளோ பெரிய எழுத்து பாருங்க...

சத்யப்பிரியா: ‘புகை வுடுற வண்டியப் படமெடுத்து அனுப்புங்க, பரிசு உண்டு’ன்னு ஒரு மாசமா ஆட்டோவுல மைக் கட்டிக் கத்துறோம். வந்ததே ரெண்டு புகார். ரெண்டுக்கும் பரிசு. ஒங்க படத்தப் பாத்தாதான இன்னும் நாலு பேரு...

கதிரவன்: இதுக்குன்னே லீவு போட்டுட்டு கடலூர் வந்துருக்கேன் மேடம்.

சத்யப்பிரியா: கார்க்காரருக்குப் பயமா? ரவுடியா?

கதிரவன்: சேச்சே... ரிட்டையர்டு வாத்தியாரு.

சத்யப்பிரியா: அப்ப தெரிஞ்சவரு.

கதிரவன்: தெனம் பாக்குறதுதான்.

சத்யப்பிரியா: பக்கத்து வூடா?

கதிரவன்: அதவிடக் கிட்ட.

சத்யப்பிரியா: சார்...

கதிரவன்: எங்கப்பா மேடம். சிரிக்காதீங்க.

சத்யப்பிரியா: சிரிக்கல. சொல்லுங்க.

கதிரவன்: நான் காலேஜ் சேந்த வருசம் வாங்குன டீசல் காரு. எம்பொண்ணுக்கு வீசிங். அதுல ஸ்கூலுக்குப் போயிட்டு வந்தா இருமல் ஜாஸ்தியாவுது. ஒங்க நோட்டீஸ் வந்தா அவரே கார பழைய இரும்புக்குப் போட்டுடுவாருன்னுதான்...

சத்யப்பிரியா: நேராச் சொல்ல வேண்டியதுதான?

கதிரவன்: எப்பிடி? காரத் தொடைச்சிட்டுதான் காப்பியே குடிப்பாரு. ஒரு தடவ அவரே, ‘வித்துடலாமாடா’ன்னாரு. ஆழம் பாக்குறாருன்னு நெனச்சி, ‘அது நம்ம வூட்டு மகாலட்சுமிப்பா’ன்னுட்டேன்.

சத்யப்பிரியா: ம்...

கதிரவன்: இந்த பேனர் நின்னா வூட்டுக்குள்ள கால் வைக்க முடியாது. மொதப் பரிசுக்காரரு படத்தையே பெருசாப் போடுங்க. பேனர்ல அவரு பக்கம் ஏன் காலியா கெடக்கு?

சத்யப்பிரியா: அவரும் காலையில வந்து போட்டோவ வாங்கிட்டுப் போயிட்டாரு. ஒங்களுக்கு மூணு நாள் முன்னாடி புகார் குடுத்தவரு.

கதிரவன்: அவருக்கு என்ன பயமாம்? அது யாரு காரு?

சத்யப்பிரியா: ஒங்க வூட்டுக் காருதான் சார். அதுலயேதான் புகை வுட்டுக்கிட்டு வந்தாரு... ‘எம் பையனுக்கு இந்தக் காருன்னா உசுரும்மா, தெரிஞ்சா தாங்கமாட்டான்’னு கெஞ்சிட்டுப் போறாரு.