ஓர் அறையில் இரண்டு கரும்பலகைகள்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகராட்சித் தலைவர் அம்மா அவர்களே, அனுபவத்தில் கனிந்த மூத்தோர்களே, பிள்ளையை இடுப்பில் சுமந்தபடியே நின்று கேட்கும் தாய்மார்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும், அடுக்குமாடி வீடுகள் கட்டி விற்கும் அதிபர் அவர்களே, அனைவருக்கும் ஒரு நான்காம் வகுப்பு ஆசிரியையின் பணிவான வணக்கம்!

எனக்கிருப்பது வகுப்பறையன்று, அரை அறை. கிழக்குச் சுவரில் என் கரும்பலகை. மேற்குச் சுவரில் ஐந்தாம் வகுப்பின் கரும்பலகை. நடுவே முதுகோடு முதுகு உரச எண்பது பிள்ளைகள். போன வாரம், "ஏழெட்டு எவ்வளவு?" என்று கேட்டேன். என் கடைசி பெஞ்சு வாயாடி எழுந்து, "நுரையீரல், டீச்சர்!" என்றாள். பின்னால் அறிவியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன், வீட்டுக்குப் போய் அழுதேன்.

ஏன் இந்த நெருக்கடி? பள்ளியைச் சுற்றி மூன்று அடுக்குமாடிக் கோபுரங்கள் எழுந்தன. விளம்பரத்தில் என்ன போட்டார்கள்? "வாசலிலேயே பள்ளிக்கூடம்!" அந்தப் பள்ளியைக் கட்டியது யார்? காட்டி விற்றது யார்?

பன்னிரண்டாம் மாடியில் குடியிருக்கும் ஒரு செவிலியர் தன் மகனைச் சேர்க்க வந்தார். இடமில்லை என்றோம். "இந்தப் பள்ளிக்கூடத்த நம்பித்தான டீச்சர் வீடு வாங்கினோம்? இப்ப நான் எங்க போவேன்?" என்றார். அவர் வீட்டு பால்கனியிலிருந்து பார்த்தால் எங்கள் மைதானம் தெரியும். பிள்ளையோ தினமும் இரண்டு பஸ் மாறி வேறு பள்ளிக்குப் போகிறான். அதனால்தான் கேட்கிறோம்: கட்டும் ஒவ்வொரு புது வீட்டுக்கும், வகுப்பறை கட்ட ஒரு கட்டணத்தைக் கட்டுபவரே நகராட்சிக்குச் செலுத்தட்டும்.

என்ன, பின்வரிசை அண்ணே? "அப்ப வீட்டு விலை ஏறிடாதா?" என்கிறீர்களா? நியாயமான கேள்வி. மொட்டைமாடி நீச்சல்குளத்துக்காக ஏறியதே, அப்போது வலிக்கவில்லையே! வகுப்பறைக்காக ஏறினால் மட்டுமா வலிக்கும்?

அதிபர் நல்ல மனிதர். "நுழைவாயில் வளைவு ஒண்ணு கட்டித் தரேம்மா, பேர மட்டும் போட்டுக்கறேன்" என்று அவரே வந்து சொன்னார். ஐயா, நாங்கள் கேட்பது கொடையன்று, கட்டணம். கொடை மனம் இருந்தால் வரும். கட்டணம் மாடி எழுந்தாலே வரவேண்டும். எத்தனை வீடு கட்டுகிறீர்களோ, அத்தனைக்கு உரிய பங்கு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

நாளைக் காலை இந்தக் கட்டணத்துக்கான தீர்மானம் நகராட்சியில் வாக்கெடுப்புக்கு வருகிறது. அது தோற்று, நான்காவது கோபுரம் எழுந்தால், என் அறைக்கு மூன்றாவது கரும்பலகை வரும். மாட்டுவதற்கு மிச்சமிருப்பது ஜன்னல் இருக்கும் சுவர்தான்.

தலைவர் அம்மா, உறுப்பினர்களே! புது வீட்டுக்கு வரும் குடும்பத்தின் கையில் சாவி கொடுக்கிறார்களே, அந்தக் குடும்பத்தின் குழந்தைக்கு உட்கார ஓர் இடம் கொடுக்க வேண்டாமா? அதற்காக நாளை உங்கள் கைகள் உயரட்டும்!

பொறுமையோடு செவிமடுத்த உங்களுக்கும், கோபப்படாமல் கேட்டுக்கொண்டிருந்த அதிபருக்கும் நன்றி. வணக்கம்.