ஜெயிக்கும் முன்னே போட்ட மொட்டை

மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து கருமத்தம்பட்டியில் கோயமுத்தூர் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஷிப்ட் முடிந்து வந்த இரண்டு தறிக்காரர்கள். சட்டையெல்லாம் பஞ்சு. இளையவருக்குப் புது மொட்டை.

"தோத்த புட்பால் டீமுக்கு எவனாச்சும் மொட்டை போடுவானாப்பா?" என்றார் பெரியவர்.

"தோக்கறதுக்கு முந்தியே வேளாங்கண்ணி போய்ப் போட்டுட்டேனுங்ணா. நம்ம கிளப்பு இங்கிலாந்து லீக்ல மூணாவது எடத்துலதான் இருந்துச்சு. யூரோப் கப்பாவது வாங்கட்டும், முன்னாடியே குடுத்தா மாதா மறக்கமாட்டாங்கன்னு நெனச்சேன். செமி பைனல்ல பெனால்ட்டில போயிருச்சு."

"முடியைத் திருப்பிக் கேளு, போ."

"குடுத்தது குடுத்ததுதானுங்ணா. அடுத்த சீசனுக்கு வெச்சுக்கட்டும்."

"சரி, வர்ற ஞாயித்துக்கிழமை அன்னூர்ல உனக்குப் பொண்ணு பார்க்கப் போறமே, எதுக்கு மொட்டைன்னு கேட்டா?"

இளையவர் தலையைத் தடவினார்.

"உள்ளதைச் சொல்லிருவேனுங்ணா. மாதாவுக்குக் குடுத்த முடி. அதுல பொய் சொல்லப்படாது."

"கேட்டுட்டு அந்தப் பொண்ணு சிரிச்சுப்போட்டா?"

"சிரிச்சுதுன்னா, நீங்க அன்னைக்கே பேசித் தேதி குறிச்சுருங்ணா."

அந்தப் பெண் சிரிக்க வேண்டும் என்று நான் மனதுக்குள் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டேன்.