கையால் தொட்டதுண்டா

என் பெயர் ஜெர்லின். வயது 29. தந்தை பெயர் பாக்கியநாதன், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சேலம் சூரமங்கலத்தில் பெற்றோருடன் வசிக்கிறேன். சேலத்தில் உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில், இயந்திரங்களைத் தானாக இயங்கச் செய்யும் கட்டுப்பாட்டு முறைகள் பற்றி நான்கு வருடமாக முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்து வருகிறேன். எருமப்பட்டியை அடுத்த கோழிப்பண்ணை ஒன்றில் 01.10.2025 அன்று நடந்தது குறித்து என்னை யாரும் அழைத்து விசாரிக்கவில்லை. நானாகவே இன்று 09.10.2025 காலை இந்தக் காவல் நிலையத்திற்கு வந்து, சொல்ல வேண்டியது இருக்கிறது என்று உதவி ஆய்வாளரிடம் கூறியதன் பேரில் இது பதிவு செய்யப்படுகிறது.

மேற்படி பண்ணை கந்தவேல் என்பவருக்குச் சொந்தமானது. அங்கே முப்பத்திரண்டாயிரம் முட்டைக் கோழிகள் இருக்கும் மூடிய கொட்டகை ஒன்று உள்ளது. ஜன்னல் கிடையாது. ஒரு பக்கச் சுவரில் பதினாறு பெரிய மின்விசிறிகள் ஓடி, உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுக்கும். விசிறி நின்றால் கோழிகளுக்கு மூச்சு நின்ற மாதிரிதான். அந்த விசிறிகளில் எத்தனை, எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதை அடுத்த ஒரு மணி நேரத்து வெப்பத்தைக் கணித்துக் கணினியே திட்டமிட வேண்டும், கோழிக்கும் கெடுதல் வரக்கூடாது, மின்சாரமும் குறைய வேண்டும் என்பதுதான் என் ஆராய்ச்சி. அதற்காகக் கோழிகள் நிற்கும் உயரத்தில் மூன்று இடங்களில் வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கும் சென்சார்களை மாட்டினேன். யாரும் கை வைக்காமல் அறுபது நாள் தொடர்ந்து ஓடினால்தான் முடிவுகளை ஆய்வேட்டில் சேர்க்க முடியும். 05.08.2025 அன்று முதல் நாள். சம்பவம் நடந்தது ஐம்பத்தெட்டாம் நாள்.

அந்தக் கொட்டகையின் பொறுப்பாளர் மாதேஸ்வரன். வயது நாற்பத்தாறு இருக்கும். பத்தொன்பது வருடமாக அதே பண்ணையில் இருக்கிறார். அவரைத்தான் நீங்கள் கைது செய்திருக்கிறீர்கள். அறுபது நாள் தொடங்கும் முன் நடந்த சோதனை ஓட்டத்தின்போது அவர் தனக்குத் தோன்றும்போதெல்லாம் கைச்சுவிட்ச் பெட்டியைத் திறந்து கூடுதலாக இரண்டு விசிறி போட்டு விடுவார். கேட்டால், "கோழிக்கு வேர்க்காதுங்க அம்மிணி, அது வாயிலதான் மூச்சு உடும். அதைப் பாத்துத்தான் பேன் போடோணும்" என்பார். ஒவ்வொரு முறையும் என் கணக்கு கெட்டது. எனக்குக் கோபம் வந்தது. மறைக்க விரும்பவில்லை, நன்றாகவே வந்தது. அதன் பிறகு கந்தவேலிடம் சொல்லி அந்தப் பெட்டிக்குப் பூட்டுப் போடச் செய்தேன். ஒரு சாவி அவர் வீட்டுப் பீரோவிலும் இன்னொன்று என் கைப்பையிலும் இருந்தன. மாதேஸ்வரனிடம் சாவி கொடுக்கப்படவில்லை. கொடுக்க வேண்டாம் என்று சொன்னவள் நான்.

அத்துடன் ஒரு பதிவேடு வைத்தேன். தினமும் மாலை மாதேஸ்வரன் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 'இன்று கையால் தொட்டதுண்டா' என்று ஒரு கட்டம். பக்கத்தில் 'பார்வையிட்டவர் கையெழுத்து' என்று எனக்கும் ஒரு கட்டம். அவர் ஐம்பத்தேழு நாள் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

தானியங்கி வந்த பிறகு ஆள் அதிகம் என்று கந்தவேல் மூன்று பேரை வேலையிலிருந்து நிறுத்தினார். அவர்களில் ஒருவர் மாதேஸ்வரனின் மனைவி முத்தாயம்மாள். அந்த ஆத்திரத்தில்தான் மாதேஸ்வரன் பெட்டியை உடைத்து விசிறிகளை நிறுத்தினார் என்று கந்தவேல் கொடுத்த புகாரில் உள்ளதாக உதவி ஆய்வாளர் கூறினார். முத்தாயம்மாளின் வேலை போனது உண்மை. மற்றது உண்மையல்ல.

01.10.2025 புதன்கிழமை ஆயுத பூசை. பூசைக்கு நானும் வர வேண்டும் என்று கந்தவேலின் மனைவி சாரதாமணி அழைத்திருந்தார். பேருந்தில் நாமக்கல் வந்து, அங்கிருந்து எருமப்பட்டி சென்று, காலை ஒன்பதரைக்குப் பண்ணையில் இருந்தேன். தீவன அரவை இயந்திரம், தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர், வண்டி என எல்லாவற்றையும் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தார்கள். மாதேஸ்வரன் மஞ்சளும் சந்தனமும் தண்ணீர்விட்டுக் குழைத்த கிண்ணத்துடன் என்னிடம் வந்தார். "ஏனுங் அம்மிணி, உங்க மிசினுக்கும் வெச்சரலாமுங்களா? நீங்க வேதக்காரங்க, அதான் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு" என்றார்.

நான் கிறிஸ்தவள் என்பதால், அவர் கேட்டது என் மதத்தை மதித்து. அந்த இடத்தில் வேற்றாளாக நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. "எல்லாத்துக்கும் வைக்கும்போது இதுக்கு மட்டும் ஏன் விடணும்? தாராளமா வைங்க அண்ணா" என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. அதன் பிறகு உள்ளே போய் மூன்று சென்சார்களுக்கும் ஒன்று போல, குறை வைக்காமல், சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, நனைத்த பூச்சரத்தையும் சுற்றினார். சென்சாரின் வெள்ளை மூடியில் சல்லடை போலத் துளைகள் இருக்கும். அந்தத் துளைகள் வழியாகத்தான் அது காற்றை அறியும். இது எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் நின்று கைப்பேசியில் படம் எடுத்தேன். துளைகள் அடைபடுகின்றன என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான்கு வருடம் படித்தது அந்த நிமிடத்தில் எங்கே போயிற்று என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை.

அதன் பிறகு பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு 10.40க்குக் கிளம்பினேன். கந்தவேல் குடும்பத்தினர் வீட்டைப் பூட்டிக்கொண்டு, உறவினர் பட்டறைப் பூசைக்காக ராசிபுரம் புறப்பட்டார்கள். மற்ற வேலையாட்களுக்கு விடுமுறை. மாதேஸ்வரன் மட்டும் இருந்தார்.

12.10க்கு ஆண்டகளூர் கேட் தாண்டியபோது பேருந்தில் கைப்பேசியில் கொட்டகை நிலவரத்தைப் பார்த்தேன். அதில் பார்க்கத்தான் முடியும், விசிறியை இயக்க முடியாது. பதினாறு விசிறிகளில் ஐந்துதான் ஓடிக்கொண்டிருந்தன. வெப்பம் இருபத்தாறு டிகிரி என்று காட்டியது. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இந்த ஐம்பத்தெட்டு நாளில் இவ்வளவு குறைந்த மின்சாரத்தில் என்றைக்கும் ஓடியதில்லை. திரையைப் படமெடுத்து என் வழிகாட்டி பேராசிரியர் குமரகுருவுக்கு அனுப்பினேன். அவர் கட்டைவிரல் படம் அனுப்பினார். அந்தச் செய்தியை உதவி ஆய்வாளரிடம் காட்டியுள்ளேன்.

1.20க்கு, நான் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, மாதேஸ்வரன் அழைத்தார். "அம்மிணி, பேன் சத்தமே கேக்கலீங்க, ரெண்டுதான் ஓடுது. உள்ள போனா கண்ணு எரியுது" என்றார். நான் திரையைப் பார்த்தேன். 26.1, 25.9, 26.0. மூன்று சென்சார்களில் ஒன்று மாறிக் காட்டினாலும் எச்சரிக்கை மணி அடிக்கும்படி செய்திருந்தேன். மூன்றும் ஒத்துப்போனால் நம்பலாம் என்பது நானே எழுதிய விதி. மூன்றுக்கும் ஒரே கிண்ணத்துச் சந்தனம் என்பதால் மூன்றும் ஒத்துப்போயின. "எல்லாம் சரியாத்தான் இருக்குது அண்ணா" என்று சொன்னேன்.

உதவி ஆய்வாளர் அடுத்த அழைப்பை 'சுமார் ஒன்றரை மணி' என்று எழுதப் போனார். சுமார் அல்ல, 1.34. "கோழி எல்லாம் வாயைத் தொறந்துக்கிட்டு றெக்கையை அகட்டிக்கிட்டு நிக்குதுங்க. பேனைப் போட்டரலாமுங்களா?" என்று மாதேஸ்வரன் கேட்டார். அதற்கு நான், "தொடாதீங்க அண்ணா, இன்னும் ரெண்டே நாள்தான், பத்து நிமிஷம் பாருங்க" என்று சொன்னேன். இந்த வார்த்தைகளை அப்படியே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

1.46க்கு மூன்றாவது அழைப்பு. "சாவுதுங்க அம்மிணி. சாவி எங்கீங்க?" என்றார். சாவி என் கைப்பையில், சூரமங்கலத்தில், சாப்பாட்டு மேசைக்கு மேல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே "எங்கிட்டதான் இருக்குது" என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. "செரிங்க" என்று வைத்துவிட்டார்.

அதன் பிறகு கடப்பாரையால் பூட்டை உடைத்து, பதினாறு விசிறிகளையும் அவர் கையால் ஓட விட்டார். பெட்டி திறக்கப்பட்ட நேரம் 1.52 என்று கணினியில் பதிவாகியுள்ளது. முதல் அழைப்பிலிருந்து முப்பத்திரண்டு நிமிடம் அவர் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, சாகும் கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். 1.54க்கு மறுபடி அழைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அண்ணா, அந்த சென்சார்ல சந்தனம் இன்னும் இருக்குதா?" என்று கேட்டேன். "இருக்குதுங்க, வழிச்சு உடட்டுங்களா?" என்றார். வழிக்கச் சொன்னேன். தோளில் இருந்த துண்டால் மூன்றையும் துடைத்தார். இருபத்தாறு காட்டிக்கொண்டிருந்த திரை மூன்று நிமிடத்தில் முப்பத்தொன்பதுக்கு ஏறியது. ஈரத்துணி சுற்றிய பானைத் தண்ணீர் போல, அதுவரை அவை தங்கள் குளிர்ச்சியைத்தான் காட்டிக்கொண்டிருந்தன.

கணினி வரைந்த வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு, 1.52 வரை கொட்டகை குளிர்ச்சியாக இருந்தது, மாதேஸ்வரன் பெட்டியை உடைத்தார், உடனே சூடேறியது, கோழிகள் செத்தன என்றுதான் தெரியும். புகாருடன் இணைக்கப்பட்டுள்ளது அந்த வரைபடம்தான். அதை வரையும்படி நிரல் எழுதியவள் நான்.

இறந்தவை 11,840. மறுநாள் குழி வெட்டிப் புதைத்தார்கள். அதன் பிறகு, நோய் பரவாமல் இருக்க வேண்டும் என்று கொட்டகை முழுவதையும் மருந்துத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவினார்கள். சென்சார்களும் கழுவப்பட்டன. சந்தனத்தின் சுவடு இப்போது எங்கும் இல்லை. நான் எடுத்த படத்தில் பூச்சரம் தெரிகிறது, துளைகள் தெரியவில்லை.

03.10.2025 அன்று கந்தவேலின் வீட்டிற்குச் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் இரண்டு இரவாகத் தூங்காதவர் போல் இருந்தார். "ஏனுங் அம்மிணி, கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, ஆளுதான் சொல்லுவான்னு ரெண்டு மாசமாச் சொன்னது நீங்கதானுங்களே. இப்ப உங்க பேச்சை நம்பறதா, அதை நம்பறதா?" என்று கேட்டார். அப்படிச் சொன்னது நான்தான்.

அதன் பிறகு பேராசிரியர் குமரகுருவிடம் சென்றேன். கருவியில் பழுது இல்லை என்று அவர் ஏற்கெனவே சான்று கொடுத்துவிட்டார். அது பொய்ச்சான்று அல்ல. கருவியில் பழுது இல்லைதான். "டேட்டால இருக்கறதைத்தான் நான் எழுத முடியும் ஜெர்லின். சந்தனத்தை நீ எந்த கிராஃப்ல காட்டுவ?" என்றார். பிறகு, ஆய்வேட்டை முடிக்கும் வழியைப் பார் என்று அனுப்பிவிட்டார்.

அதன் பிறகு வீட்டில் என்னிடம் இருந்த உபரி சென்சாரில் அதே போல் சந்தனம் அப்பி, ஈரச்சரம் சுற்றி, சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அறை முப்பத்தைந்து டிகிரி, அது இருபத்தேழு காட்டியது. அதை இன்று கொண்டு வந்துள்ளேன். இது வேறு கருவி, வேறு இடம், சம்பவத்துக்கு இதைச் சாட்சியாக எடுக்க முடியாது என்று உதவி ஆய்வாளர் கூறினார். அவர் சொல்வதும் சரிதான். யாரைக் கேட்டாலும் சரியாகத்தான் சொல்கிறார்கள். மாதேஸ்வரன் உள்ளே இருக்கிறார்.

பதிவேட்டின் ஐம்பத்தெட்டாம் நாள் பக்கத்தை உதவி ஆய்வாளர் எனக்குக் காட்டினார். அன்று மாலையும் மாதேஸ்வரன் வழக்கம்போல எழுதி வைத்திருக்கிறார். 'இன்று கையால் தொட்டதுண்டா' என்ற கட்டத்தில், 'தொட்டேன். பூட்டை உடைத்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டதாக அது வழக்கில் சேர்க்கப்பட்டுள்ளது.

நேற்று முத்தாயம்மாளை அவர் வீட்டில் பார்த்தேன். நான் தொட வேண்டாம் என்று சொன்னதை மாதேஸ்வரன் விசாரணையில் சொல்லவில்லையா என்று கேட்டேன். "சொல்லலீங்க. படிக்கிற புள்ள, அது பேரு எதுக்கு ஸ்டேசன்லன்னு எங்கிட்ட மட்டுந்தான் சொன்னாருங்க" என்றார். எனக்கு உட்கார இடம் காட்டினார். நான் உட்காரவில்லை. இன்று நான் இங்கே வந்ததற்கு அதுவே காரணம்.

என் வாக்குமூலத்தால் அவரை விட்டுவிடுவீர்களா என்று கேட்டேன். வரைபடமும், சான்றும், அவர் கையெழுத்தும் ஒரு பக்கம் இருக்க, என் வாய்வார்த்தை மட்டும் மறுபக்கம் இருக்கிறது, நீதிமன்றம்தான் பார்க்க வேண்டும் என்று உதவி ஆய்வாளர் கூறினார்.

மேலே உள்ளவை யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாருக்கும் பயப்படாமல், நடந்த நேரப்படி நான் சொன்னவை. படித்துக் காட்டக் கேட்டேன். உண்மையாக உள்ளது. சாட்சி இதில் கையெழுத்திடத் தேவையில்லை என்று உதவி ஆய்வாளர் கூறினார். இருந்தாலும் போடுகிறேன் என்று கேட்டு வாங்கிப் போடுகிறேன். அந்தப் பதிவேட்டில் என் கட்டம் ஐம்பத்தெட்டு நாளும் காலியாகவே இருக்கிறது.

(ஒப்பம்)
பா. ஜெர்லின்
09.10.2025