விமானம் போகட்டும்

தலைவர் நாற்காலியில் பதினோரு ஆண்டுகளாக அசையாமல் அமர்ந்திருக்கும் பெரியவர் பக்தவச்சலம் அவர்களே, அதே நாற்காலிக்காக அதே பதினோரு ஆண்டுகளாகக் காத்திருக்கும் துணைத் தலைவர் குப்புராஜ் அவர்களே, பந்தல் நிழலை எனக்கு முன்பே பிடித்துக்கொண்ட மூத்தோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே, அணைத்தோமா என்று இப்போது யோசிக்கிற தாய்மார்களே, பல்லாவரம் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளன் என்ற முறையில் உங்கள் அனைவரையும் வண...

(விமானம் கடக்கிறது)

...ங்குகிறேன்.

பார்த்தீர்களா? முன்னூறு பேர் இருக்கிறீர்கள். ஒருவராவது மேலே பார்த்தீர்களா? ஏன் நிறுத்தினாய் என்று ஒருவராவது கேட்டீர்களா? விமானம் வந்தால் வாயை மூடுவோம். போனதும் விட்ட எழுத்திலிருந்து தொடங்குவோம். இது நம் ஊர் வழக்கம். வெள்ளிக்கிழமைச் சந்தையில் பொன்னியம்மாள் "கத்திரிக்கா கிலோ" என்று ஆரம்பிப்பார், விமானம் வரும், நிறுத்துவார், நம் முகத்தைப் பார்ப்பார், விமானம் போனதும் எட்டணா ஏற்றி விலை சொல்வார். என்னம்மா, இல்லையா? சரி, நாலணா. மாதா கோவில் பூசையில் சாமியார் "ஆ" என்று நிறுத்திப் பிறகு "மென்" என்று முடித்ததை இந்தக் காதால் கேட்டிருக்கிறேன்.

அது எண்பதுகள். அப்போது ஒரு நாளைக்குப் பத்து விமானம் வந்தால் அதிகம். காலை விமானத்துக்குப் பால் காய்ச்சினோம், மதிய விமானத்துக்குச் சோறு வடித்தோம், மாலை விமானத்துக்குப் பிள்ளைகளைத் தேடினோம். கடிகாரம் இல்லாத வீடு உண்டு. விமானம் இல்லாத வீடு உண்டா? இது தொண்ணூற்றைந்து. இன்று எண்ண ஆரம்பித்தால் வேறு வேலை பார்க்க முடியாது.

இருக்கட்டும். முதல் வரிசையில், பந்தல் காலுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறாரே சவுரிமுத்து, அவரைப் பற்றிப் பேசத்தான் எழுந்தேன். ஐயா, தலையைக் காட்டுங்கள். காட்டமாட்டார்.

தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அதற்கு முன் இருபது ஆண்டுகள் பாலைவன எல்லையில் உட்கார்ந்து, எந்த விமானம், எத்தனை, எந்தத் திசை என்று வயர்லெஸ்ஸில் சொன்னவர். தொண்ணூறில் ஒரு தீவு நாடு பயிற்சி கொடுக்க அவரை அழைத்தது. பெயரைச் சொல்லக் கூடாதென்று அவருடைய ஒப்பந்தத்தில் இருப்பதால் அந்த நாடு என்கிறேன். நம் பெருங்களத்தூரைவிடக் கொஞ்சம் பெரியது. எதிரி எவனும் கிடையாது. ஆனாலும் அதற்கு ஒரு வான் பாதுகாப்புப் படை வேண்டுமென்று ஆசை. நாட்டுக்கு ஆசை இருக்கக் கூடாதா? பழைய பீரங்கி இரண்டு வாங்கினார்கள். ரேடார் வரும் என்றார்கள், வந்துகொண்டே இருந்தது.

ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் போனவர், மூன்றாம் ஆண்டே ஒற்றைப் பெட்டியோடு திரும்பினார். அன்றிலிருந்து இந்தத் தெரு ஒரே கேள்வி கேட்கிறது. குழாயடியில் அவர் மனைவி அருள்மேரியைப் பார்த்து, "இன்னாக்கா, ஒங்க வூட்டுக்காரர அங்கேர்ந்து தொரத்திட்டாங்களாமே, எதுனா திருடிட்டாரா?" அந்த அம்மாள் அதன் பிறகு பக்கத்துத் தெருக் குழாய்க்குப் போகிறார். நானும் சவுரிமுத்துவைக் கேட்டேன். "சொன்ன வேலைய செய்யல சார்," என்றார்.

நடந்ததைச் சொல்கிறேன்.

ரேடார் இல்லாத படைக்குக் காதுதான் ரேடார் என்று முடிவு செய்தார் சவுரிமுத்து. நாற்பது மீனவ வாலிபர்களைக் கண்ணை மூடி உட்காரவைத்து, சத்தத்தைக் கேட்கப் பழக்கினார். பாடம் நடத்தும்போது விமானம் வந்தால் பாதிச் சொல்லில் நிறுத்துவார், போனதும் தொடர்வார். பாவம், பல்லாவரத்துக்காரர், வேறென்ன தெரியும்? அவர்களோ அதை இந்திய விமானப்படையின் ஒழுங்குமுறை என்றே நம்பிவிட்டார்கள். ஆறு மாதத்தில் விமானம் வந்தால் படை முழுவதும் பேச்சை நிறுத்தியது. ஒரு வருடத்தில் தளபதி நிறுத்தினார். இரண்டாம் ஆண்டு பட்ஜெட் உரையில் நிதியமைச்சரே நிறுத்தினார்.

தொண்ணூற்று மூன்று. அவர்களுடைய தேசிய தினம். பீரங்கிகளுக்கு மாலை போட்டு, குண்டு ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். தளபதி பேசிக்கொண்டிருக்கிறார். மேகத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம். அறிவிப்பு இல்லை, வயர்லெஸ்ஸில் பதில் இல்லை. தளபதி கையை உயர்த்தினார், வாயைத் திறந்தார்... பழக்கம் விடுமா? நிறுத்தினார். மைதானமே மௌனமானது. அந்த மௌனத்தில் சவுரிமுத்து சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். அவருடைய நாற்பது பேரும் கேட்டார்கள்.

சத்தம் தலைக்கு மேலே வந்து, போகாமல் சுற்றியது. தளபதியின் பொறுமை போயிற்று. அந்த நாட்டு மொழி எனக்குத் தெரியாது, நம் ஊர்ப் பேச்சிலேயே சொல்கிறேன்.

"சுடுங்கடா. இன்னா பாத்துகினு கீறீங்க?"

"சார், ரெண்டு இன்ஜின்ல ஒண்ணு நின்னுபோச்சு. ஆளுங்க வர்ற விமானம் சார். எறங்க எடம் தேடுது."

"எதிரியா இருந்தா?"

"எதிரி இப்படி இருமிகினு வரமாட்டான் சார்."

"இருந்தா உன் தலைய எடுத்துடுவேன்."

"எடுத்துக்கோ சார். மொதல்ல அது எறங்கட்டும்."

சவுரிமுத்து பீரங்கிப் பக்கம் திரும்பி, "கைய எடுங்கடா" என்றார். எடுத்தார்கள்.

இறங்கியது. முப்பத்தொரு பேர். வயர்லெஸ் செத்து, ஒரு பக்க இன்ஜின் நின்று, வழி தவறி வந்த பக்கத்துத் தீவின் கால்பந்து அணியும் ஆதரவாளர்களும். மறுநாள் அந்த நாட்டோடு விளையாடி நான்கு கோல் போட்டு ஜெயித்தார்கள். தளபதியின் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். அடுத்த வாரம், 'கட்டளைக்குக் கீழ்ப்படியாதவர்' என்று எழுதிக் கொடுத்து, பழுது பார்த்த அதே விமானத்தில் சவுரிமுத்துவை ஏற்றிவிட்டார்கள்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? முந்தாநாள் தபால்காரர் தனக்கோடி சங்கத்துக்கு ஒரு கடிதம் கொண்டுவந்தார். 'சவுரிமுத்து சாரைத் தெரிந்த யாராயினும், பல்லாவரம், மதராஸ்' என்று விலாசம். நடந்ததையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதி, அடியில் நாற்பது கையெழுத்து. தளபதி மாறிவிட்டாராம். படை இப்போது நூற்றிருபது பேராம். ரேடாரும் வந்துவிட்டதாம்; அடிக்கடி பழுதாம். அவர்களுடைய பயிற்சிப் புத்தகத்தில் முதல் பக்கம், முதல் விதி: இன்னதென்று தெரியும்வரை பேசாதே, தொடாதே, கேள். அந்தக் கட்டளையைப் போட ஒரே சொல் வேண்டுமென்று அவர்களே வைத்துக்கொண்டார்களாம். அதிகாரி அந்தச் சொல்லைக் கத்தினால் நூற்றிருபது பேரும் பீரங்கியிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள்.

அந்தச் சொல், 'பல்லாவரம்'.

அருள்மேரி அம்மா, நாளையிலிருந்து நம் தெருக் குழாய்க்கே வாருங்கள். குடத்தைத் தள்ளி இடம் விடுவார்கள். விடுவீர்கள்தானே? பின்வரிசையில் தலையாட்டியது போதாது, சத்தமாகச் சொல்லுங்கள். ஆகட்டும்.

வெயிலைப் பொறுத்த உங்களுக்கும், என்னைப் பொறுத்த தலைவருக்கும், கடிதத்தைத் தொலைக்காத தனக்கோடிக்கும், இன்னும் பந்தல் காலுக்குப் பின்னால் இருக்கிற சவுரிமுத்து அவர்களுக்கும் என் நன்...

(விமானம் கடக்கிறது)

...றி. வணக்கம்.